ஸ்கூட்டர் சூடேறுகிறதா? முள்ளையும் விசிறியையும் வைத்துப் பிழை பிடிக்கும் வழி

"எஞ்சின் சூடாகிறது" என்று ஒரே வரியில் சொல்லி ஸ்கூட்டரை கராஜில் விட்டுவிட்டு வருபவர்களே யாழ்ப்பாணத்தில் அதிகம். மாலையில் போனால் தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டுக்கு வழிவிடும் வால்வு) மாற்றியாயிற்று, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றியாயிற்று, பில்லும் எழுதியாயிற்று. அடுத்த நாள் ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் மீற்றரில் வெப்பம் காட்டும் முள் மறுபடி மேலே நிற்கிறது. இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. முள் எவ்வளவு ஏறியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது ஏறியது என்று சொல்பவர் குறைவு. பிழை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது அந்த 'எப்போது'தான். நெரிசலில் ஏறும் முள்ளுக்கு ஒரு காரணம், வெட்டவெளி வீதியில் ஏறும் முள்ளுக்கு வேறொரு காரணம், சாவி போட்டவுடனே ஏறும் முள்ளுக்கு முற்றிலும் வேறு காரணம்.

இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மறுபடி திறக்கப்படும் வரை வெளியிலிருந்து புதிய ஸ்கூட்டர் வருவது ஏறக்குறைய நின்றிருந்தது. ஆகவே இங்கே ஓடுபவற்றில் பல வயது போனவை, கை மாறியவை, யார் யாரோ கழற்றிப் பூட்டியவை. கீழே சொல்லும் பிழைகளில் பல, கழற்றியவர் திரும்பப் பூட்டாமல் விட்டதால் வருபவை.

முதலில், எந்த விசிறி உங்களுடையது?

நம் வீதிகளில் பெரும்பாலானவை காற்றால் குளிரும் ஸ்கூட்டர்கள். ஹொண்டா டியோ, அக்டிவா, யமஹா ரே இசட்ஆர், சுசுக்கி அக்சஸ், டிவிஎஸ் என்டோர்க் எல்லாம் இந்த இனம். கூலன்டை ஆறவைக்கும் ரேடியேற்றர் இல்லை, கூலன்டும் இல்லை. எஞ்சினின் வலப்பக்கத்தில் துளைகள் உள்ள பிளாஸ்டிக் மூடி ஒன்று தெரியும். அதற்குள்ளே, எஞ்சின் சுற்றும் தண்டான கிராங்க் ஷாப்டின் முனையில், மின்சாரம் பிறப்பிக்கும் பிளைவீலோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் விசிறி பூட்டப்பட்டிருக்கிறது. எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும், எஞ்சின் நின்றால் நிற்கும். அதற்கு மோட்டாரும் இல்லை, சுவிட்சும் இல்லை, பியூசும் இல்லை. "விசிறியின் பியூஸ் போயிருக்குமோ" என்று இந்த ஸ்கூட்டர்களில் தேடினால் பொழுதுதான் போகும்.

அந்த விசிறி தனியாக எதையும் குளிர வைப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். சிலிண்டரைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. விசிறி இழுக்கும் காற்றைச் சிலிண்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே நெருக்கி ஓட்டுவது அந்த உறைதான். மோட்டார் சைக்கிளின் எஞ்சின் வெளியே நிற்பதால் எதிர்க்காற்று நேரே படுகிறது. ஸ்கூட்டரின் எஞ்சின் இருக்கைக்கு அடியில் ஒளிந்திருப்பதால் உறை உடைந்தாலோ ஒரு துண்டு இல்லாமல் போனாலோ காற்று குறுக்கு வழியில் வெளியேறிவிடும். விசிறி சுற்றிக்கொண்டே இருக்க, எஞ்சின் வெந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது வகை, கூலன்டால் குளிர்ந்தாலும் விசிறி கிராங்க்கிலேயே இருப்பது. யமஹா என்மேக்ஸ் 155, ஏரோக்ஸ் 155, ஹொண்டா பிசிஎக்ஸ் இப்படிப்பட்டவை. ரேடியேற்றர் எஞ்சினின் வலப்பக்கத்தோடு ஒட்டியிருக்கும். விசிறி அதற்குப் பின்னால் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். இதிலும் விசிறிக்கு மின்சாரம் தேவையில்லை.

மூன்றாவது வகையில்தான் உண்மையான மின்விசிறி இருக்கிறது. வெஸ்பா ஜிடிஎஸ் போன்ற பெரிய ஸ்கூட்டர்களில் ரேடியேற்றர் முன்பக்கக் கவசத்துக்குள் இருக்கும். வெப்பம் ஒரு அளவைத் தொட்டதும் சுவிட்ச் அல்லது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி விசிறியை ஓடவைக்கும், குறைந்ததும் நிறுத்தும்.

எது உங்களுடையது என்று சந்தேகமாக இருந்தால் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து வலப்பக்கத் துளைகளுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். உடனேயே ஏதாவது சுற்றினால் அது கிராங்க் விசிறி. ஒன்றும் சுற்றவில்லை, ஆனால் ரேடியேற்றர் முன்னால் இருக்கிறது என்றால் மின்விசிறி.

முள் எதைச் சொல்கிறது?

காற்றால் குளிரும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் வெப்பம் காட்டும் முள்ளே கிடையாது. என்டோர்க் போன்ற சிலவற்றின் டிஜிட்டல் மீற்றரில் மட்டும் அதற்கென்று ஒரு பகுதி உண்டு. மற்றவர்கள் காதையும் மூக்கையும் கையையும்தான் நம்ப வேண்டும்.

கூலன்ட் வகையில் சிலவற்றுக்கு முள் அல்லது கட்டங்கள் உண்டு, சிலவற்றுக்கு ஒரு சிவப்பு விளக்கு மட்டும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முள் முன்கூட்டியே சொல்லும். விளக்கு, சூடு எல்லை கடந்த பிறகுதான் எரியும். ஆகவே விளக்கு எரிந்தால் "வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்பது கிடையாது.

தெர்மோஸ்டாட் பொதுவாக 70 முதல் 85 பாகை செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்கும். மின்விசிறி பெரும்பாலும் 95 முதல் 105 பாகைக்குள் ஓடத் தொடங்கும். 100 பாகையில் தண்ணீர் கொதித்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். ரேடியேற்றர் மூடி உள்ளே அழுத்தத்தை அடைத்து வைக்கிறது. ஒரு பார் அளவு அழுத்தம் கூடினால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 120 பாகை வரை கொதிக்காது. கூலன்ட் கலந்தால் அந்த எல்லை இன்னும் மேலே போகும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். மூடி மலிவான பொருள். அதை மாற்றாமல் ரேடியேற்றரை மாற்றுபவர்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

வீதியில் சூடேறிவிட்டால்

நிழலில் நிறுத்துங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் எஞ்சினை உடனே நிறுத்திவிடுங்கள். மின்விசிறி உள்ள ஸ்கூட்டரில் எஞ்சினை நிறுத்தியபின் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். சிலவற்றில் விசிறி தொடர்ந்து ஓடி ரேடியேற்றரை ஆற்றும். முள் வழமையைவிடக் கொஞ்சம் மட்டும் ஏறியிருந்தால் வேகத்தையும் சுமையையும் குறைத்து ஓட்டலாம்.

ரேடியேற்றர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே 100 பாகைக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர், மூடி தளர்ந்த கணத்திலேயே ஆவியாகிப் பீறிடும். முகமும் கையும் வெந்துவிடும். வெறுங்கையை ரேடியேற்றரில் வைத்து எடுக்காமல் இருக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே மூடியைத் தொடுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். சூடான அலுமினியம் ஒரு பக்கம் திடீரென்று சுருங்கினால் வளையும், சில வேளை வெடிக்கும்.

காற்றால் குளிரும் ஸ்கூட்டரில்

*தூர ஓட்டத்தில் இழுவை குறைகிறது. ஓய்வு கொடுத்தால் சரியாகிறது.* ஏ9 வீதியில் கிளிநொச்சி நோக்கிப் போகும்போது, ஆனையிறவின் வெட்டவெளியில் காற்று அடிக்க, பின்னால் ஒருவரும் முன்னால் ஒரு மூட்டையும் இருக்கும்போது இது தெரியவரும். முதலில் ஒயில் பாருங்கள். இந்தச் சிறிய எஞ்சின்களில் ஒயிலின் முழு அளவே முக்கால் லீற்றர் மட்டில்தான். உராய்வைக் குறைப்பதோடு சூட்டைக் கடத்துவதும் அதன் வேலை. அதில் கால் லீற்றர் எரிந்துபோனாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அளவுக் கம்பியைத் துடைத்து, உங்கள் கைநூல் சொல்லும்படி திருகியோ திருகாமலோ செருகிப் பாருங்கள். இந்த விஷயத்தில் கம்பனிக்குக் கம்பனி முறை வேறுபடும். தவறான முறையில் பார்த்தால் இல்லாத ஒயில் இருப்பதாகத் தெரியும்.

ஒயில் சரியென்றால் வலப்பக்கத் துளைகளைப் பாருங்கள். கடைப் பை ஒன்று ஒட்டியிருந்தாலே போதும், காற்று உள்ளே போகாது. பிறகு மூடியைக் கழற்றி விசிறியின் இறக்கைகளை எண்ணிப் பாருங்கள். உடைந்த இறக்கை உண்டா? சிலிண்டர் உறையின் ஸ்குரூக்கள் எல்லாம் இருக்கின்றனவா? 'சேர்விஸ்' முடிந்து வந்த நாளிலிருந்துதான் சூடு என்றால் இந்த இடத்திலேயே நேரே தொடங்குங்கள். உறையின் கீழ்த்துண்டைப் பூட்டக் கை எட்டவில்லை என்று அப்படியே விட்டுவிடும் பழக்கம் பரவலாக உண்டு.

அடுத்தது மண். வலிகாமத்துச் செம்மண் மழையில் சேறாகி உள்ளே போகிறது, எஞ்சின் சூட்டில் சுட்ட ஓடாகிறது. எஞ்சின் பாகங்கள் பொருந்தும் இடத்தில் கசிவைத் தடுக்கும் காஸ்கெட்டில் சிறிய ஒயில் கசிவு இருந்தால் தூசி அதோடு சேர்ந்து தகடுகளுக்கிடையே சாந்து பூசியது மாதிரி இறுகிவிடும். வெளியிலிருந்து அழுத்தத் தண்ணீர் அடித்தால் இன்னும் உள்ளே தள்ளத்தான் செய்யும். உறையைக் கழற்றி, ஆறிய எஞ்சினில், மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையால் தகடு தகடாகச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஒயில் கசிவையும் அப்போதே நிறுத்தாவிட்டால் அடுத்த மாரியில் இதே வேலை காத்திருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இழுவை குறைந்தால் பின் பிரேக்கை மறந்துவிடாதீர்கள். டிரம் பிரேக்கை அதிகமாக முறுக்கி வைத்தால் சில்லு எப்போதும் பிடிபட்டபடியே ஓடும். எஞ்சின் இரட்டை வேலை செய்யும். ஓடி வந்தபின் டிரம் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்றால் பிழை எஞ்சினில் இல்லை.

*ரப்பர் கருகும் மணம் வருகிறது.* இது பெரும்பாலும் இடப்பக்கத்துச் சங்கதி. அந்த நீண்ட மூடிக்குள் பெல்ட் ஓடுகிறது. அதற்கும் தனியே காற்றுப் பாதை உண்டு. பெல்ட் தேய்ந்து வழுக்கினாலோ, கிளட்ச் பிடிக்காமல் உராய்ந்தாலோ, காற்றுப் பாதை தூசியால் அடைபட்டாலோ இந்த மணம் வரும். எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஸ்கூட்டர் அந்த அளவுக்குப் போகவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

*வலப்பக்கத்தில் சுரண்டும் சத்தம்.* விசிறி மூடியில் உரசுகிறது. விழுந்து எழும்பிய ஸ்கூட்டரில் சகஜம். உரசல் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம், இறக்கை உடைந்து விழுந்திருக்கலாம்.

*சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது.* இதை எல்லோரும் 'ஓவர் ஹீட்' என்கிறார்கள். பல நேரங்களில் அது அல்ல. பற்றவைக்கும் கொயில் சூட்டில் பலவீனமாகிப் பொறி விடாமல் போவது ஒரு காரணம். பெற்றோல் தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்டு, உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் இறங்காமல் போவது இன்னொன்று. நின்ற உடனே மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று இழுத்து, பிறகு ஸ்டார்ட் ஆனால் விடை கிடைத்துவிட்டது. இல்லையென்றால் பிளக்கைக் கழற்றி, அந்த நின்ற நிலையிலேயே பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கும்போது திறந்த பிளக் துளைக்கும் பெற்றோல் மூடிக்கும் தள்ளியே பொறியைப் பாருங்கள். ஆறியபின் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். வால்வு இடைவெளி இறுகியிருப்பதும் இதே அறிகுறியைத் தரும்.

*சுமையோடு முடுக்கும்போது 'கிணுகிணு' என்ற தட்டல்.* யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை, பாலங்கள்தான் ஏற்றம். அங்கே இந்தச் சத்தம் கேட்டால், எரிபொருள் நேரத்துக்கு முன்னால் தானாகவே பற்றிக்கொள்கிறது என்று பொருள். கார்பன் படிவு, பெற்றோல் குறைந்து காற்றுக் கூடிய கலவை, கலப்படம் மூன்றையும் பாருங்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். ஸ்டார்ட் செய்யக் கொஞ்சம் பெற்றோல், ஓடுவதற்கு மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயின் ஒக்டேன் (தட்டலைத் தாங்கும் அளவு) மிகக் குறைவு என்பதால் தட்டலும் சூடும் கூடவே வந்தன. எத்தனையோ பிஸ்டன்கள் அதற்குப் பலியாயின. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் இன்றும் காதாலேயே சூட்டை அளப்பது அந்தப் பயிற்சியால்தான். இன்று, ஸ்கூட்டருக்கு 92 ஒக்டேன் போதும் என்று கைநூல் சொன்னால் 95 ஊற்றிச் சூட்டைக் குறைக்கப் பார்ப்பதில் பயனில்லை.

கூலன்ட் உள்ள ஸ்கூட்டரில்

*நெரிசலில் ஏறுகிறது, ஓடத் தொடங்கினால் இறங்குகிறது.* நல்லூர்த் திருவிழா நாட்களில் கோயிலை நெருங்கும் வீதிகளில் ஊர்ந்து போகும்போது அதிகம் பார்க்கலாம். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேற்றரைக் குளிர்விக்கிறது, நிற்கும்போது அந்த வேலை விசிறியுடையது. ஆகவே விசிறிதான் சந்தேகநபர்.

கிராங்க் விசிறி என்றால் இறக்கைகளையும் ரேடியேற்றர் மடிப்புகளில் மண் அடைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அவ்வளவுதான்.

மின்விசிறி என்றால் கொஞ்சம் பொறுமையாகப் போக வேண்டும். சாவியை எடுத்து, பற்றரியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு (சில விசிறிகள் சாவி இல்லாமலும் திடீரென ஓடும், விரல் கவனம்) விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் மோட்டார் போய்விட்டது. இலகுவாகச் சுற்றினால் பியூஸைப் பாருங்கள். கண்ணால் பார்ப்பது போதாது, மீற்றரால் தொடர்ச்சி பார்க்க வேண்டும். பியூஸ் நன்றாக இருந்து அதன் பற்களில் பச்சை பூத்திருப்பதும் உண்டு. அடுத்து பற்றரியைத் திரும்ப மாட்டி, மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, இரண்டு வயரில் 12 வோல்ட்டை நேரே கொடுங்கள். ஓடவில்லை என்றால் மோட்டார். ஓடினால் மோட்டாருக்கு முன்னால் எங்கேயோ பிழை.

ரேடியேற்றரில் இரண்டு வயர் சுவிட்ச் இருக்கும் பழைய வகையில், அந்த இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைப் போடுங்கள். விசிறி ஓடினால் சுவிட்ச்தான் குற்றவாளி. ஓடாவிட்டால் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வயரிங்கும். மின்னணுப் பெட்டி விசிறியை இயக்கும் புதிய வகையில் இந்த இணைப்பு வேலை வேண்டாம், பெட்டியைச் சுட்டுவிடும். அங்கே ஒரே மாதிரியான இன்னொரு ரிலேயை மாற்றிப் பூட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விசிறி ஓடுகிறது, ஆனால் சோம்பலாக ஓடுகிறது என்றால் பற்றரியைச் சோதியுங்கள். நெரிசலில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது மின்னூட்டமும் குறைவு, விளக்கும் விசிறியும் சேர்ந்தால் கிழட்டுப் பற்றரி தாங்காது.

தீவுப் பக்கம் தினமும் போய்வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பண்ணைப் பாலத்தால் வேலணை, ஊர்காவற்றுறை போனாலும், பொன்னாலைப் பாலத்தால் காரைநகர் போனாலும் இரண்டு பக்கமும் கடல். சோளகக் காற்றில் உப்பு நேரே முகத்தில் அடிக்கும். அதே உப்பு ரேடியேற்றரின் அலுமினிய மடிப்புகளை வெள்ளைப் பொடியாக்குகிறது, செப்பு இணைப்புகளைப் பச்சையாக்குகிறது. வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரால், வாளியில் மொண்டு, மெல்லக் கழுவுங்கள். அழுத்தக் குழாய் மடிப்புகளை மடக்கிவிடும். மடங்கிய மடிப்புக்குள் காற்று போகாது.

*நெரிசலில் பிரச்சினை இல்லை. வெட்டவெளியில் வேகமாக ஓடினால் ஏறுகிறது.* இது விசிறியின் பிழை அல்ல. சூடு அதிகம் பிறக்கும்போது கூலன்ட் அதை அள்ளிக்கொண்டு போக முடியவில்லை. கூலன்ட் குறைவு, பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், அடைபட்ட ரேடியேற்றர், கூலன்டைச் சுற்றவைக்கும் பம்ப் தேய்ந்திருப்பது. இந்த வரிசையிலேயே பாருங்கள். செலவும் அதே வரிசையில்தான் ஏறும்.

அடைப்பு பற்றி யாழ்ப்பாணத்தில் தனியாகப் பேசத்தான் வேண்டும். நமது குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, குடிப்பதும் குளிப்பதும் இறைப்பதும் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர். அது வன்தண்ணீர். தேநீர்க் கேத்தலின் அடியில் ஒட்டும் வெள்ளைப் படிவைப் பார்க்காத வீடு இங்கே இல்லை. கேத்தலில் படிவது ரேடியேற்றரிலும் படியும். ஆனால் ரேடியேற்றரின் குழாய்கள் மிக ஒடுங்கியவை, உள்ளே விரலோ தேங்காய்ப் பொச்சோ போகாது. முதலில் மெல்லிய படலமாகப் படிந்து சூடு கடத்துவதைத் தடுக்கும். பிறகு குழாயையே அடைக்கும். அடர் கூலன்டை வாங்கிக் கிணற்றுத் தண்ணீரில் கலப்பவர்கள், துருவைத் தடுக்கவென்று அதில் சேர்த்த மருந்துகளையும் சேர்த்துப் பாழாக்குகிறார்கள். கலந்தே விற்கும் கூலன்டை ஊற்றுங்கள். அடர் கூலன்ட்தான் கையில் இருந்தால் பற்றரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலவுங்கள். அசிட் போத்தலைத் தவறி எடுத்துவிட வேண்டாம். வழியில் அவசரமென்றால் கடையில் வாங்கும் வடிகட்டிய குடிதண்ணீரோ சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரைவிட நல்லது. வீட்டுக்கு வந்ததும் அதையும் வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றுங்கள். வடித்த கூலன்டை முற்றத்தில் விடாதீர்கள். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், நக்கினால் பிழைப்பது கடினம்.

*ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே சிவப்புக்குப் போகிறது.* தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகிவிட்டது, அல்லது உள்ளே காற்று அடைந்திருக்கிறது. அண்மையில் கூலன்ட் மாற்றியிருந்தால் காற்றுதான். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, ஸ்கூட்டரை இடமும் வலமும் மெல்லச் சாய்த்து, குமிழிகள் வந்து மட்டம் இறங்க இறங்கக் கூலன்டை நிரப்புங்கள். சிலவற்றில் காற்றை வெளியேற்றவென்றே தனி போல்ட் இருக்கும். தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க, அதைக் கழற்றி நூலில் கட்டி, சமையலுக்கு இனி எடுக்காத ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு சூடாக்குங்கள். கொதி வருவதற்குள் திறக்காவிட்டால் எறிந்துவிடலாம்.

*முள் ஏறுவதேயில்லை.* மகிழ்ச்சியடைய வேண்டாம். வெப்பத்தை அளந்து முள்ளுக்குச் சொல்லும் சென்சரின் வயர் கழன்றிருக்கலாம். இந்தச் சென்சர்களில் சூடு கூடக் கூட மின்தடை குறையும். வயர் அறுந்தால் தடை எல்லையற்றதாகி, முள் 'எஞ்சின் பச்சைத் தண்ணீர்' என்று காட்டும். எஞ்சின் உருகினாலும் அப்படியேதான் காட்டும். வயர் சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நிற்கிறது, அல்லது யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். "நம்முடையது சூட்டு நாடு, தெர்மோஸ்டாட் எதற்குத் தம்பி" என்று சொல்லும் கராஜ் அண்ணைமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. எஞ்சின் தன் சூட்டை எட்டாவிட்டால் ஒயிலில் சேரும் ஈரம் ஆவியாகாது, பெற்றோல் ஊசி தொடர்ந்து கூடுதலாக ஊற்றும், சிலிண்டர் வேகமாகத் தேயும்.

*சாவி போட்டவுடனே முள் உச்சிக்குப் போகிறது.* சென்சர் உள்ளே பழுதாகிவிட்டது, அல்லது அதன் வயர் எங்கேயோ உரசி எர்த் ஆகிவிட்டது. வயரைச் சென்சரிலிருந்து கழற்றுங்கள். முள் கீழே விழுந்தால் பிழை சென்சரில், விழாவிட்டால் வயரில். முன் கைபிடிக்குக் கீழே, திருப்பும்போது மடியும் இடத்தில் முதலில் தேடுங்கள்.

*முள் ஆடுகிறது.* சிக்னல் விளக்கின் துடிப்போடு சேர்ந்து ஆடினால் எர்த் இணைப்பு தளர்ந்திருக்கிறது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். வளைவிலும் பிரேக்கிலும் ஆடினால் கூலன்ட் குறைந்து சென்சர் சில நேரம் காற்றில் நிற்கிறது.

*விசிறி நிற்காமல் ஓடுகிறது.* எஞ்சினை நிறுத்தியபின் கொஞ்ச நேரம் ஓடுவது சில ஸ்கூட்டர்களில் இயல்பு. காலையில் சாவி போட்டதுமே ஓடினால் இயல்பல்ல. ரிலே ஒட்டிக்கொண்டது, சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டது, அல்லது சென்சர் அறுந்ததால் மின்னணுப் பெட்டி பாதுகாப்புக்காக விசிறியை ஓட்டுகிறது. மூன்றாவதில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கும் எரியும்.

*கூலன்ட் குறைகிறது, கீழே ஒழுகல் இல்லை.* பம்பின் அடியில் ஒரு சிறிய துளை உண்டு. அதிலிருந்து காய்ந்த கறை கீழே இறங்கியிருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. சூட்டில் ஒழுகி அங்கேயே ஆவியாவதால் நிலத்தில் எதுவும் தெரியாது. கறை இல்லையென்றால் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் நுரை இருந்தாலோ, எஞ்சின் சூடான பிறகும் புகைபோக்கியில் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலோ, ஓடும்போது கூலன்ட் தாங்கியில் குமிழிகள் தொடர்ந்து வந்தாலோ ஹெட் காஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ளது) போய்விட்டது. மழைக்காலத்தில் குறுகிய தூரமே ஓடும் ஸ்கூட்டரில் ஒயில் மூடியில் மட்டும் கொஞ்சம் நுரை படிவது ஈரத்தால். அளவுக் கம்பியிலும் அதே நிறம் இருந்தால்தான் காஸ்கெட். அந்த ஸ்கூட்டரை கராஜ் வரைகூட ஓட்ட வேண்டாம், லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலோ ஓட்டோவிலோ ஏற்றி அனுப்புங்கள். ஹெட்டைக் கழற்றியபின், அதன் அடிப்பரப்பு வளைந்திருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டின் மேல் புதுக் காஸ்கெட் வைத்தால் அது சீக்கிரமே மறுபடி ஊதிவிடும்.